பாம்பு முட்டைகளைப் பொரிக்க வீட்டிலேயே இன்குபேட்டர் செய்யும் முறை

கோழிமுட்டைக்கென விற்கப்படும் இன்குபேட்டர் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸில் இயங்கும். சில மணி நேரத்துக்கொரு முறை முட்டைகளைப் புரட்டிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதத்தை 50 முதல் 60 சதவீதத்தில் வைத்திருக்கும். இந்த மூன்றுமே பாம்பு முட்டைக்கு ஆகாதவை. அதற்கு வேண்டிய வெப்பம் வீட்டில் வளர்க்கப்படும் பெரும்பாலான இனங்களில் 26 முதல் 32 டிகிரி வரைதான். சுற்றியுள்ள காற்று நீராவியால் ஏறக்குறைய நிறைந்தே இருக்க வேண்டும். ஒருமுறை வைத்த முட்டையைப் பிறகு அசைக்கவே கூடாது. ஆகவே கோழிக்கான கருவியைத் திருத்திப் பார்ப்பதைவிட, ஒரு தெர்மோகோல் பெட்டியை எடுத்துப் புதிதாகவே செய்துகொள்வது எளிது. பெட்டியைச் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். அதை நம்பத்தக்கதாக ஆக்க ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பாம்பு முட்டையின் ஓடு பதப்படுத்திய தோலைப் போல வளைந்து கொடுக்கும். அதன் வழியே நீர் உள்ளே போகவும் வெளியே வரவும் முடியும். போதிய ஈரம் கிடைத்த முட்டை நாளாக நாளாக நீரை உறிஞ்சிப் பருத்து, இட்ட அன்று இருந்ததைவிடக் கூடுதல் எடையோடு நிற்கும். ஈரம் போதாவிட்டால் சில நாட்களிலேயே குழி விழுந்து சுருங்கத் தொடங்கும். உள்ளே வளரும் கரு ஓரிரு நாட்களிலேயே முட்டையின் மேற்புறச் சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது. பறவை முட்டையில் மஞ்சள் கருவை இருபுறமும் இழுத்துப் பிடித்திருக்கும் முறுக்கு இழைகள் பாம்பு முட்டையில் இல்லை. அதனால் முட்டை புரண்டால் மஞ்சள் கருவின் பாரம் கருவின்மேல் சரிந்து, அது இறந்துபோக நேரிடலாம்.

இயற்கையில் இந்த வேலையை இடமும் தாயும் பகிர்ந்துகொள்கின்றன. ராஜநாகத்தின் பெண் காய்ந்த இலைகளை உடலால் வளைத்துக் கூட்டிக் கூடு கட்டி, அதன்மேலேயே காவல் இருக்கும். மலைப்பாம்பு முட்டைக் குவியலைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். சில மலைப்பாம்பு இனங்கள் தசைகளைத் துடிக்கவைத்துத் தம் உடல் வெப்பத்தையே உயர்த்திக்கொள்ளும். மற்றப் பல இனங்கள் மண்பொந்திலோ மட்கிய இலைக்குவியலிலோ இட்டுவிட்டு அகன்றுவிடும். எதுவாயினும் முட்டைக்குக் கிடைப்பது இருட்டு, ஈரம், மெதுவாக மட்டுமே மாறும் மிதமான வெப்பம். நாம் செய்யும் பெட்டியும் இவற்றைத் தந்தால் போதும்.

தொடங்கும் முன் இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். இங்கே சொல்லும் முறை, வளர்ப்பதற்குச் சட்டம் இடம் தரும் பாம்புகள் கூண்டில் இட்ட முட்டைகளுக்கானது. காட்டிலோ தோட்டத்திலோ கண்ட முட்டைகளை வீட்டுக்கு எடுத்துவருவது பல நாடுகளில் குற்றம். அவ்வாறு காண நேர்ந்தால் வனத்துறைக்கோ வனவிலங்கு மீட்பு அமைப்புக்கோ தகவல் தந்து, அவை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுவதே முறை. நச்சுப்பாம்பின் குட்டி முட்டையை விட்டு வெளிவரும்போதே நஞ்சோடுதான் வரும் என்பதால், இனம் தெரியாத முட்டையைப் பொரிக்க முயலவே கூடாது. இரண்டாவதாக, எல்லாப் பாம்பும் முட்டையிடுவதில்லை. கண்ணாடி விரியனும் பெரும்பாலான போவா இனங்களும் குட்டியாகவே ஈனும். அவற்றை வளர்ப்பவருக்கு இந்தக் கருவியால் பயனில்லை.

பெட்டியும் அதன் உறுப்புகளும்

சுவர்கள் குறைந்தது 3 சென்டிமீட்டர் தடிமனாக, மூடி இறுகப் பொருந்துவதாக உள்ள 40 முதல் 60 லிட்டர் தெர்மோகோல் பெட்டியே போதுமானது. ஐஸ்கட்டி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியானால் இன்னும் உறுதி. பழுதான சிறு குளிர்சாதனப் பெட்டி கிடைத்தால் அதைவிடச் சிறப்பு, ஏனெனில் அதன் சுவர்கள் வெப்பத்தைக் காப்பதற்கென்றே செய்யப்பட்டவை. பெட்டி எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கு ஹீட்டரின் வேலை குறையும். மின்சாரம் போகும் வேளையிலும் உள்வெப்பம் அவ்வளவு மெதுவாகவே இறங்கும்.

வெப்பத்துக்கு 25 முதல் 50 வாட் வரையிலான ஹீட்டிங் கேபிளை நான் பரிந்துரைக்கிறேன். ஊர்வன வளர்ப்போருக்கென விற்கப்படும் இந்தக் கேபிள், சிலிக்கான் உறையிட்ட நீளமான கம்பி. தெர்மோகோல் சூட்டில் இளகிவிடும் என்பதால் கேபிளை நேராக அதன்மேல் படியவிடக் கூடாது. பெட்டியின் அடியில் ஒரு பீங்கான் டைலையோ கம்பிவலையையோ வைத்து, அதன்மேல் கேபிளைப் பாம்பு நெளிவதைப் போல வளைத்து வளைத்துப் பரப்பிக் கட்ட வேண்டும். கேபிள் எந்த இடத்திலும் தன்னைத் தானே குறுக்கே கடக்கக் கூடாது. அப்படிக் கடக்கும் இடத்தில் வெப்பம் தேங்கி உறை கருகும். சாதாரண மின்விளக்கைக் கொண்டு சூடேற்றுவது பழைய வழக்கம். விளக்கு எரியும்தோறும் காற்றை உலர்த்தும், ஒரே இடத்தில் சுடும், ஒருநாள் சொல்லாமல் அணைந்தும் போகும்.

மீன்தொட்டி ஹீட்டரைத் தண்ணீரில் அமிழ்த்தி, அந்தத் தண்ணீருக்கு மேல் செங்கல்லில் முட்டைப் பெட்டியை, அதாவது முட்டைகளை இடும் சிறு டப்பாவை, வைக்கும் முறையும் உண்டு. வெப்பம் மிக நிதானமாக மாறும், ஈரப்பதத்துக்கும் குறைவிராது. ஆனால் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்க, ஹீட்டரின் தலை வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடி வெடிக்கக்கூடும். அறுபது நாட்கள் தவறாமல் நீர்மட்டத்தைப் பார்க்கக்கூடியவர் அந்த வழியில் போகலாம். அதன் நன்மையில் பாதியை வேறு வழியிலும் பெறலாம்: கேபிளுக்கு மேலே ஒரு கம்பித் தட்டைப் பொருத்தி, அதன்மேல் நீர் நிரப்பி இறுக மூடிய ஒரு லிட்டர் பாட்டில்கள் மூன்று நான்கைச் சுவரோரமாக அடுக்கிவிட வேண்டும். அந்த நீர் சூட்டைச் சேமித்து வைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து மூடும்போது சட்டென வெப்பம் இறங்காமல் இருப்பதும், மின்தடையின்போது சில மணி நேரம் தாக்குப்பிடிப்பதும் அந்தப் பாட்டில்களால்தான்.

அடுத்தது, வெப்பம் வேண்டிய அளவை எட்டியதும் ஹீட்டரை நிறுத்தி, இறங்கியதும் மீண்டும் இயக்கும் தெர்மோஸ்டாட். இது இல்லாமல் எந்த ஹீட்டரையும் முட்டைக்கு அருகில் வைக்கக் கூடாது. ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டாக, செருகும் துளையோடு ஆயத்தமாக வருவதாக வாங்கினால் மின்கம்பிகளைப் பிரித்து இணைக்கும் வேலையே இருக்காது. எத்தனை டிகிரி இறங்கினால் மீண்டும் இயங்க வேண்டும் என்ற இடைவெளியை 0.5 டிகிரிக்கு அமைத்துக்கொள்ளலாம். அதன் சென்சாரை முட்டைப் பெட்டிக்கு வெளியே, அதன் நடு உயரத்தில், காற்றில் தொங்குமாறு கட்ட வேண்டும். முட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்தால் என்ன என்று தோன்றலாம். உள்ளே இருக்கும் ஈரமான பொருள் மெதுவாகவே சூடாகும். அது சூடாகிவிட்டது என்று சென்சார் உணர்வதற்குள் கேபிள் அளவுக்கு மீறிச் சூடேற்றிவிடும். முட்டைப் பெட்டிக்குள் வைக்க வேண்டியது தனியான ஒரு வெப்பமானியின் சென்சார். தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணையே வெப்பமானியாக நம்பக் கூடாது. அது தவறினால் தவறென்று சொல்வதற்கு வேறொன்று வேண்டும்.

இரண்டாவது தெர்மோஸ்டாட்டை நான் கட்டாயம் என்கிறேன். முதல் பெட்டியில் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. சென்சாரை ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டியிருந்தேன். மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு, ஈரத்தில் ஒட்டுநாடாவின் பசை இளகி, சென்சார் கம்பி தன் பாரத்தால் துளை வழியே நழுவி வெளியே விழுந்துவிட்டது. வெளியே குளிர்ச்சியாக இருந்ததால் ஹீட்டர் நிற்கவே இல்லை. காலையில் மூடியைத் திறந்தபோது முகத்தில் ஆவி அடித்தது. வெப்பமானி 38 என்று காட்டியது. அன்றைக்கு முந்தின நாள் முட்டையில் டார்ச் ஒளியை வைத்துப் பார்த்தபோது சிவந்து தெரிந்த இரத்தநாளங்கள் அடுத்த சில நாட்களில் மங்கி, பழுப்பாகி மறைந்தன. பதினொரு முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை. அதன்பிறகு எந்தச் சென்சாரையும் நான் ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக் கட்டுநாடாவால் கம்பித் தட்டில் இரண்டிடங்களில் கட்டுகிறேன். இரண்டாவது தெர்மோஸ்டாட்டை முதலாவதற்கும் சுவர்ச் செருகிக்கும் இடையே இணைத்து, வேண்டிய வெப்பத்தைவிட 1.5 டிகிரி மேலே அமைத்து, அதன் சென்சாரை வேறொரு மூலையில் கட்டிவைக்கிறேன். முதலாவது பழுதானாலும் இரண்டாவது மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

ஈரமும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், மின்கசிவைக் கண்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்திய இணைப்பில்தான் இதைச் செருக வேண்டும். பெட்டியிலிருந்து வெளிவரும் கம்பிகள் நேராகச் செருகிக்குப் போகாமல், முதலில் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறிப் போகுமாறு விட்டால், கம்பியோடு வழிந்துவரும் நீர்த்துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கம்பி நுழையும் துளைகளைச் சிலிக்கான் பசையால் அடைத்து, பக்கச் சுவர்களில் பென்சில் பருமனில் இரண்டு காற்றுத்துளைகளை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

வெற்றுப் பெட்டியை ஓடவிடும் வாரம்

பாம்பு முட்டையிடுவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே பெட்டி முழுமையாக இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் வெப்பமானியைச் சோதிக்க வேண்டும்: நொறுக்கிய ஐஸ்கட்டியைக் கொஞ்சம் நீரோடு கலந்து கூழாக்கி, அதில் சென்சாரைச் சில நிமிடங்கள் அமிழ்த்தினால் 0 டிகிரியைக் காட்ட வேண்டும். ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டினால் அந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியிலேயே ஒட்டிவிடலாம்; அதற்கு மேல் பிசகினால் வேறு வாங்குவதே நல்லது. பிறகு முட்டைப் பெட்டியை, முட்டையில்லாமல் ஈரமாக்கிய பொருளோடு, அது இருக்க வேண்டிய இடத்திலேயே வைத்துக் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் வெப்பத்தைக் குறித்துவர வேண்டும். மிகக் கூடுதல், மிகக் குறைவு இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வெப்பமானி இருந்தால், நாம் தூங்கும் நேரத்தில் நடந்ததும் தெரியவரும்.

முட்டைப் பெட்டிக்குள் ஏற்ற இறக்கம் அரை டிகிரிக்குள் அடங்கினால் மிக நன்று. ஒரு டிகிரி வரை பொறுக்கலாம். பெட்டியின் இடது மூலைக்கும் வலது மூலைக்கும் வேறுபாடு தெரிந்தால், கணினியில் பயன்படும் சிறிய 12 வோல்ட் மின்விசிறியை மிகக் குறைந்த வேகத்தில், சுவரைப் பார்த்தவாறு பொருத்தலாம். காற்று முட்டைப் பெட்டியின்மேல் நேரே வீசக் கூடாது. இந்த வாரத்திலேயே ஒருமுறை வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தி, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவைத்தால், உண்மையான மின்தடையின்போது பதற வேண்டியிருக்காது. சில மணி நேரம் 24, 25 டிகிரிக்கு இறங்கினாலும் முட்டைகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பெட்டியை ஒரு கம்பளியால் போர்த்தி, திறக்காமல் விட்டால் போதும். சூடு மிஞ்சுவதைத்தான் அவற்றால் தாங்க முடியாது. 34 டிகிரிக்கு மேல் நீடித்தால் முதுகெலும்பு வளைந்த குட்டிகளும் உள்ளேயே இறந்த குட்டிகளும் காணப்படும்.

ஹீட்டரால் சூடேற்ற மட்டுமே முடியும், குளிர்விக்க முடியாது. எனவே அறையின் வெப்பமே முட்டைக்கு வேண்டியதைத் தாண்டும் இடத்தில், பெட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், வெயில் படாத மூலையில், தரையோடு வைக்க வேண்டும்.

முட்டைப் பெட்டி

மூடியுள்ள, உள்ளிருப்பது தெரியும் 3 முதல் 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா இதற்கு ஏற்றது. அதில் இடும் பொருளாக வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் சிறந்தது. இரண்டும் சூட்டில் பொரித்தெடுத்த கனிமங்கள் என்பதால் அழுகுவதில்லை. மண்ணும் தேங்காய் நாரும் பூஞ்சைக்கு இடம் தரும். வெர்மிகுலைட்டையும் நீரையும் எடைக்கு எடை சமமாகக் கலக்க வேண்டும்: 150 கிராம் வெர்மிகுலைட்டுக்கு 150 கிராம் நீர். கண்ணளவில் கலந்தால் பெரும்பாலும் நீர் மிகுந்துவிடும். கலந்ததை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாகச் சேர வேண்டும், விரலிடுக்கில் ஒரு துளி நீரும் கசியக் கூடாது. இந்தக் கலவையை டப்பாவில் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தாமல் பரப்ப வேண்டும். முட்டைகளை வைத்ததும் மூடியோடு சேர்த்து எடைபோட்டு அந்த எண்ணை மூடியில் எழுதிவைக்க வேண்டும். பின்னாளில் எவ்வளவு நீர் குறைந்திருக்கிறது என்பதை இந்த எண்தான் சொல்லும். டப்பாவின் பக்கங்களில் ஊசியால் இரண்டு மூன்று துளைகள் இட்டால் போதும்.

பாம்பு முட்டையிட்டு முடித்ததும், அதன் பக்கத்தில் சென்று அவசரப்படாமல், முட்டைகள் இருக்கும் நிலையிலேயே ஒவ்வொன்றின் உச்சியிலும் மென்மையான பென்சிலால் ஒரு சிறு குறி இட வேண்டும். பேனா மை தோலின் வழியே ஊறக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். இட்ட சில மணி நேரத்துக்குள் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது பல இனங்களில் இயல்பு; ஒட்டியவற்றைப் பிரிக்காமல் குவியலாகவே எடுத்துவைக்க வேண்டும், பிரித்தால் தோல் கிழியும். கலவையில் கட்டைவிரலால் குழி செய்து, முட்டையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ புதையுமாறு, குறி மேலே இருக்க வைக்க வேண்டும்.

மூடியின் உட்புறத்தில் திரளும் நீர் முட்டையின்மேல் சொட்டினால், சொட்டிய இடத்தில் தோல் ஊறிப் பழுத்துவிடும். டப்பாவின் ஒரு பக்கத்தின் கீழ் மெல்லிய மரத்துண்டை வைத்துச் சற்றே சாய்த்தால், நீர் மூடியோடு வழிந்து ஓரச்சுவரில் இறங்கிவிடும். இவ்வளவு சிறிய ஏற்பாடு எத்தனையோ முட்டைகளைக் காத்திருக்கிறது.

எவ்வளவு வெப்பம் என்பது இனத்தைப் பொறுத்தது. நஞ்சற்ற வட அமெரிக்கப் பாம்பான கார்ன் ஸ்நேக்குக்கு 26 முதல் 29 டிகிரி போதும். 55 முதல் 65 நாட்களில் பொரியும். கிங் ஸ்நேக் இனங்களும் ஏறக்குறைய அப்படியே. ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பான பால் பைத்தானுக்கு (ball python) 31 முதல் 32 டிகிரி வேண்டும். 55 முதல் 60 நாட்கள் ஆகும். வெப்பம் குறைந்தால் நாட்கள் நீளும், கூடினால் சுருங்கும். சீக்கிரம் பொரிய வேண்டுமென்று மேல் எல்லைக்குப் போவதைவிட, நடு அளவுக்கு அரை டிகிரி கீழே வைப்பதையே நான் விரும்புகிறேன். அப்போது தவறு நேர்ந்தாலும் இடம் இருக்கும். முதலைகளிலும் பல ஆமைகளிலும் இருப்பதைப் போல, பாம்புகளில் வெப்பம் ஆண் பெண்ணைத் தீர்மானிப்பதில்லை.

காத்திருக்கும் நாட்கள்

ஒரு வாரம் கழிந்தபின், இருட்டறையில் முட்டையைத் தூக்காமல் அதன் பக்கத்தில் சிறிய எல்.ஈ.டி. டார்ச்சை ஒட்டிவைத்துப் பார்க்கலாம். உயிருள்ள முட்டை உள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஒளிரும். மரவேரைப் போலக் கிளைவிட்ட நாளங்கள் தோலின் உட்புறத்தில் ஓடுவது தெரியும். கருக்கூடாத முட்டை மஞ்சளாக, கோடுகளே இல்லாமல் ஒளிரும். முதல் முறை அந்தச் சிவந்த கோடுகளைக் காண்பது எளிதில் மறக்கக்கூடியதன்று. ஆனாலும் மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் பார்க்காமல் கையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை டப்பாவின் மூடியைத் திறந்து, ஒரு விசிறலில் காற்றை மாற்றி மூடினால் போதும். வளரும் கரு கடைசி நாட்களில் கூடுதல் உயிர்வளியைப் பயன்படுத்தும் என்பதால், இறுதி மூன்று வாரங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை திறக்கலாம். அப்போதே எடையும் பார்த்துவிடலாம். எடை குறைந்து, முட்டைகளிலும் குழி தெரிந்தால், அதே வெப்பத்தில் உள்ள நீரை முட்டைமேல் படாமல் டப்பாவின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கடைசி இரண்டு வாரங்களில் மட்டும் குழி விழுவது இயல்பானது. குட்டி முற்றி முட்டை தளர்வதன் அடையாளம் அது. அந்நேரத்தில் பயந்து நீர் ஊற்றுவது கெடுதலாகவே முடியும்.

ஒரு முட்டையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூஞ்சை படர்ந்தால் உடனே எறிந்துவிடத் தேவையில்லை. முதலில் டார்ச் ஒளியில் பார்க்க வேண்டும். நாளங்கள் தெரிந்தால், உலர்ந்த பஞ்சால் பூஞ்சையை மெதுவாக ஒற்றியெடுத்துவிட்டு, காற்றை இன்னும் சற்றுக் கூடுதலாக மாற்றலாம். உயிர் இல்லையெனத் தெளிவாகத் தெரிந்து, தனியாகவும் இருந்தால் எடுத்துவிடலாம். குவியலின் நடுவில் ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். அருகில் உள்ள நல்ல முட்டைகள் பெரும்பாலும் அந்தப் பூஞ்சையை எதிர்த்து நிற்கும்.

பொரிக்கும் நேரத்தில் குட்டி தன் மேல்தாடையின் நுனியிலுள்ள முட்டைப்பல்லால் தோலைக் கத்தியால் கீறியதைப் போலக் கீறும். கீறலில் முதலில் ஒரு துளி வழவழப்பான நீரும், பிறகு ஒரு சின்ன மூக்கும் தெரியும். அதற்குப் பின் எதுவுமே நடக்காததைப் போலத் தோன்றும். தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, யாராவது அருகில் வந்தால் உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு நாள் முழுவதும், சில வேளை இரண்டு நாட்கள் வரை குட்டி முட்டைக்குள்ளேயே இருக்கும். எஞ்சிய மஞ்சள் கருவை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் இது. வெளியே இழுத்தால் தொப்புள் கிழிந்து குட்டி இறந்துவிடலாம். மற்றவை எல்லாம் வெளிவந்து இரண்டு நாட்களாகியும் ஒரு முட்டை மட்டும் அசையாமல் இருந்தால், அனுபவமுள்ளவர் அதன் உச்சியில் நாளங்கள் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு சிறு திறப்பைச் செய்வதுண்டு; புதியவர் அதைச் செய்யாமல் இன்னும் காத்திருப்பதே நல்லது.

தானாக வெளிவந்த குட்டிகளை ஈரமான காகிதத் துண்டு விரித்த தனித்தனிச் சிறு டப்பாக்களுக்கு மாற்றி, குடிக்க நீர் வைக்க வேண்டும். ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் அவை முதல் சட்டையை உரிக்கும். அதுவரை இரை கொடுக்கத் தேவையில்லை, உள்ளே எடுத்துக்கொண்ட மஞ்சள் கருவே அவற்றுக்குப் போதும். ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமந்திருக்கக்கூடும் என்பதால், முட்டைகளையும் குட்டிகளையும் தொட்ட ஒவ்வொரு முறையும் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். இந்த வேலைக்குப் பயன்படுத்திய டப்பாக்களைச் சமையலறைக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. பயன்படுத்திய கலவையைக் கொட்டிவிட்டு, பெட்டியையும் கம்பித் தட்டையும் நீர்த்த பிளீச்சிங் கரைசலால் துடைத்து, வெயிலில் முழுவதும் காயவைத்து, மூடியைச் சற்றே திறந்தவாறு எடுத்துவைத்தால், அடுத்த முட்டையிடும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னர் மீண்டும் ஓடவிடலாம்.